அன்று மத்தியானம் அவர் குடித்தது

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

போன் செய்ய வேண்டாம். எடுத்தால் அழுகை வருகிறது, இல்லாவிட்டால் வாயில் கெட்ட வார்த்தை வருகிறது. இரண்டும் குட்டி காதில் விழ வேண்டாம் என்று பார்க்கிறேன். சொல்ல வேண்டியதை எழுதுங்கள், நானும் எழுதுகிறேன். ஆறாவதோடு நின்றவள் எழுத்து. தப்பு இருந்தால் உங்கள் வழக்கப்படி சிரித்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை லீவுக்குக் குட்டியை அனுப்பு என்று கேட்டிருந்தீர்கள். அனுப்ப மாட்டேன். இந்த லீவுக்கும் இல்லை, அடுத்த லீவுக்கும் இல்லை.

உங்கள் தம்பி போய் முப்பத்தெட்டு நாள் ஆகிறது. அவருக்கு சுகர் என்று தெரிந்து ஏழு வருஷம். இந்த ஏழு வருஷத்தில் ஒரு நாளாவது அவரை வாயைக் கட்டச் சொல்லியிருக்கிறீர்களா? "எங்க வீட்டுப் பிள்ளை, ஒரு வாய் குடிச்சா ஒண்ணும் ஆயிடாது. நீ உன் பிஸ்கட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே" என்பீர்கள். அவரும் அக்கா பேச்சைக் கேட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். பல் டாக்டரிடம் வேலை செய்கிறவர் நீங்கள். இனிப்பு தின்ற பிள்ளைகளின் வாயைத் தினமும் பார்க்கிறவர். உங்களுக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கேட்காமலே நீங்களாகச் சொன்னீர்கள். "என் ஃப்ரிட்ஜ்ல இருந்த ஆரஞ்சு பாட்டிலை நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்று. எல்லாரும் கேட்டார்கள். குட்டியும் கேட்டாள். அப்புறம் போனில் அவள் உங்களைச் சொன்ன வார்த்தை எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நான் அவளை அடக்கவில்லை.

வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். பிஸ்கட் பேக்கிங் லைனில் நின்றால் சர்க்கரைத் தூள் புருவத்தில் படிகிறது. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளிக்கிறேன். அப்படியும் போவதில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

உங்கள் ஊருக்கு லிஃப்ட் வேலைக்கு வந்தபோது அவர் கொண்டுவந்த பை உங்கள் வீட்டில் இருக்கிறது. அதை அனுப்பிவிடுங்கள். அதில் இருந்த எல்லாம் வேண்டும். ஒன்றும் விடாமல்.

அவர் பெண்டாட்டி


பிப்ரவரி 10

பிஸ்கட்டுக்கு,

கடிதம் வந்தது. திட்டு எல்லாம் முழுசாக வந்து சேர்ந்தது, வழியில் ஒன்றும் சிந்தவில்லை.

பையைப் பார்சலில் போட்டிருக்கிறேன். டெஸ்டர், மூன்று ஸ்க்ரூ டிரைவர், கையுறை ஒரு ஜோடி (இடது கையில் ஓட்டை), இன்சுலின் பேனா, சுகர் பார்க்கும் மெஷின், துண்டு, சாப்பாட்டு டப்பா, குட்டி எழுதிக் கொடுத்த "அப்பா ஊசி மறக்காதே" சீட்டு. துண்டைத் துவைக்கவில்லை. நீ துவைக்காமல் வைத்துக்கொள்வாய் என்று நினைத்தேன்.

நான் கொடுத்தேன் என்று சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன். வேறு என்ன வேண்டும் உனக்கு?

இங்கே கிளினிக்கில் லீவு வந்தால் கூட்டம். நேற்று ஐந்து வயதுப் பையன் ஒருவன், முன்பல் நாலும் கறுத்துப்போய் வந்தான். அம்மாக்காரி சொல்கிறாள், "தண்ணியே குடிக்க மாட்டேங்கறான் டாக்டர், ஜூஸ்தான்." டாக்டர், "வீட்டுக்கு அந்த ஜூஸை அவனா போய் வாங்கிட்டு வர்றான்?" என்று கேட்டார். அவள் முகம் போன போக்கு. உன் ஞாபகம் வந்தது. நீ இருந்தால் டாக்டர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பாய்.

குட்டி என்னைச் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. பதிமூன்று வயது, அப்பாவைப் பறிகொடுத்தவள், யாரையாவது சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் எனக்குப் பிள்ளையா குட்டியா? தம்பி ஒருத்தன், அவன் போய்விட்டான். அவன் மூக்கும் அவன் நடையும் இந்த உலகத்தில் அவளிடம்தான் இருக்கிறது. ஒரு வாரம் அனுப்பு. நாலு நாள் என்றாலும் போதும். என் வீட்டில் இனிப்பு என்று ஒரு பொட்டு இருக்காது, எழுதிக் கொடுக்கிறேன்.

பல்லத்தை (அவள் வைத்த பெயர்தான், இன்னும் கூப்பிடுவாளோ என்னவோ)


பிப்ரவரி 19

அண்ணிக்கு,

பை வந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் எழுதியது எல்லாம் இருக்கிறது. ஆனால் அவர் குடிக்கிற பாட்டில் இல்லை. பத்து நாள் வேலை என்று பத்து பாட்டில் நான் அட்டைப்பெட்டியில் கட்டிக் கொடுத்தேன். ஆரஞ்சு, நீல மூடி. தினம் ஒன்று பையில் வைத்துக்கொள்வார். வந்து நாலாம் நாள்தான் விழுந்தார். அப்படியானால் மீதி ஆறு இருக்க வேண்டும். எங்கே?

இன்னொன்று. அதை எப்படி எழுதுவது என்று நாலு நாளாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை இன்ஷூரன்ஸுக்காக ஃபாக்டரி நர்ஸம்மாவிடம் காட்டினேன். அது இங்கிலீஷில் இருந்ததால் நான் இதுவரை படித்ததில்லை. சுகரால் போனார் என்றார்கள், ஏறிப் போனார் என்று நானே நினைத்துக்கொண்டேன். நர்ஸம்மா படித்துவிட்டு, "ஏறலைம்மா, இறங்கியிருக்கு. இருபத்தெட்டு. மயக்கம் போட்டு ரொம்ப நேரம் கவனிக்காம விட்டிருக்காங்க" என்றார்.

"இறங்கினா என்ன செய்யணும்?" என்றேன்.

"உடனே இனிப்பு குடுக்கணும். சர்க்கரைத் தண்ணி, ஜூஸ், எதுன்னாலும். கால் மணி நேரத்துல எழுந்து உட்காருவாங்க."

நான் அங்கேயே நின்றேன். லைனில் பெல் அடித்துவிட்டது. சூப்பர்வைசர் வந்து, "என்னம்மா, சிலை மாதிரி நிக்கறே, மாலை போடணுமா?" என்றான். அவனுக்குத் தெரியாது, பாவம்.

அண்ணி, இத்தனை நாள் நீங்கள் இனிப்புக் கொடுத்துக் கொன்றீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் இனிப்புக் கொடுத்திருந்தால் அவர் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டுமே. ஏன் எழுந்திருக்கவில்லை? என்ன கொடுத்தீர்கள்? எந்தப் பாட்டில்?

நேராக எழுதுங்கள். ஜோக் வேண்டாம்.

தம்பி பெண்டாட்டி


பிப்ரவரி 27

உனக்கு,

நர்ஸ் சொன்னால் வேத வாக்கா? எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்காது. கொடுத்தது லேட், அவ்வளவுதான். அவனுக்குக் கை உதறல், மூடிமேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் வளையத்தை விரலால் கிழிக்க முடியாமல் பல்லால் கடித்துத் திறந்தான். அதிலேயே நேரம் போயிற்று. முழுசும் குடித்தான். ஆனாலும் பலிக்கவில்லை. விதி என்று சொல்ல எனக்கும் பிடிக்காது, ஆனால் வேறு என்ன சொல்ல?

மீதி பாட்டில்களைத் தூக்கிப் போட்டுவிட்டேன். செத்தவன் சாமானை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதைப் போய் எண்ணிக்கொண்டிருக்கிறாயே. உனக்கு வேறு வேலை இல்லையா?

நீ என்னைத் திட்டு. முன்னைவிட நன்றாகத் திட்டு. இந்த ஆராய்ச்சி வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, வேலையில் மெஷினில் கையைக் கொடுத்துவிடாதே. உனக்கு ஏதாவது ஆனால் அவள் கதி என்ன?

லீவுக்குக் குட்டியை அனுப்பு. இதற்கு மட்டும் பதில் எழுது. மற்றதை விடு.

அண்ணி


மார்ச் 6

அண்ணி,

கடையில் வாங்கும் ஆரஞ்சு பாட்டிலில் மூடிமேல் சுற்றின பிளாஸ்டிக் வளையம் கிடையாது. மூடியைத் திருகினால் திறந்துவிடும். வளையம் போட்டது நான்.

இதைச் சொல்லிவிடுகிறேன். எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று கதவைத் தாழ் போட்டிருக்கிறேன். குட்டி டியூஷன் போயிருக்கிறாள்.

ஜூன் மாசம் அவருக்குக் கால் விரலில் புண் வந்ததே, அப்போது சுகர் முந்நூற்று நாற்பது. டாக்டர் ஊசி அளவை ஏற்றினார். கூடவே, "இந்த அளவுக்குச் சில சமயம் இறங்கிடும், பையில எப்பவும் இனிப்பா ஏதாவது வெச்சுக்கோங்க" என்றார். இவருக்கு அது போதாதா? அன்றிலிருந்து ஆரஞ்சு பாட்டில் மருந்தாகிவிட்டது. தினம் வேலைக்குப் போகும்போது பையில் ஒரு மருந்து. நான் முறைத்தால், "டாக்டர் சொன்னதும்மா, நானா குடிக்கறேன்?" என்பார். சண்டை போட்டேன், அழுதேன், ஒளித்து வைத்தேன். தெருமுனைக் கடையில் வாங்கிக் குடித்துவிட்டு வந்து, நாக்கெல்லாம் ஆரஞ்சாக, "இல்லையே" என்பார்.

செப்டம்பரில் அந்தக் கடைக்கு அதே கம்பெனியின் சுகர் ஃப்ரீ வந்தது. வெள்ளை மூடி. வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அதே இனிப்பு, அதே கலர். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவர் சண்டை இல்லாமல் குடிக்கட்டும், உடம்பிலும் ஏறாது என்று நினைத்தேன். சுகர் ஃப்ரீ என்று தெரிந்தால் தொட மாட்டார், அது ஆம்பளை குடிக்கிறதில்லை என்பார். அதனால் நீல மூடி பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து அதில் ஊற்றினேன். திறந்த மூடி என்று கண்டுபிடிப்பாரே என்று எங்கள் லைனில் டப்பா மூடிக்குப் போடுகிற பிளாஸ்டிக் வளையம் கொஞ்சம் கொண்டுவந்தேன். மூடியில் மாட்டித் தலைமுடி காயவைக்கிற மெஷினில் சூடு காட்டினால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பதினோரு வருஷமாக நான் செய்கிற வேலை. அசல் ஃபாக்டரி சாமான் மாதிரி இருந்தது. "கம்பெனிக்காரன் இப்ப சீல் வேற போடறான், பாத்தியா, அதான் தரம்" என்றார் அவர்.

அக்டோபரில் சுகர் நூற்று எண்பது. டாக்டர், "என்ன மாயம் பண்ணினீங்க?" என்றார். "வாயைக் கட்டிட்டேன் டாக்டர்" என்று இவர் கூசாமல் சொன்னார். வெளியே வந்ததும் என் காதில், "பாத்தியா, தினமும் குடிச்சும் இறங்கிருச்சு. நம்ம உடம்பு அப்படி" என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன். பஸ்ஸில் வீடு வரும்வரை சிரித்தேன் அண்ணி. எத்தனையோ வருஷம் கழித்து அவரை ஒரு தடவை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

டாக்டரிடம் சொல்லவில்லை. ஊசி அளவு அப்படியே இருந்தது. நவம்பரில் இரண்டு தடவை வேர்த்து நடுங்கினார். பாட்டிலைக் குடித்தார், நானும் சாப்பாடு போட்டேன், சரியானது. அலைச்சல் என்று நினைத்தேன்.

இப்போது சொல்லுங்கள். அன்று அவர் குடித்தது உங்கள் ஃப்ரிட்ஜில் இருந்ததா, அவர் பையில் இருந்ததா? எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் உங்கள் கையால் எழுதி எனக்கு வேண்டும். தெரிந்ததிலிருந்து ராத்திரி எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டே இருக்கிறேன். சமையல்கட்டிலிருந்து வாசல் பதினான்கு அடி.


மார்ச் 15

என் தம்பி பெண்டாட்டிக்கு,

பையில் இருந்தது.

நீ கேட்டதால் எழுதுகிறேன். அன்று காலையில் ஊசி போட்டுக்கொண்டு போனான். வேலை நடக்கிற கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு வயசான அம்மா. அவர்களை வெளியே எடுக்கும்வரை இவன் சாப்பிடவில்லை. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது சட்டை நனைந்திருந்தது. நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். "இறங்கிருச்சுக்கா" என்றான். நான் சர்க்கரை டப்பாவை எடுக்கப் போனேன். "வேணாம், என்கிட்ட இருக்கு" என்று பையிலிருந்து எடுத்தான். வளையத்தைப் பல்லால் கடித்தான். கொஞ்சம் தரையில் சிந்தினான், மீதியை ஒரே மூச்சில் குடித்தான். "அவ்வளவுதான், பத்து நிமிஷத்துல சரியாயிடும். நீ கிளம்பு, உன் டாக்டர் பல்லைக் கடிப்பாரு" என்றான். சிரிக்கக்கூடச் செய்தான்.

தட்டில் சாப்பாடு போட்டுப் பக்கத்தில் வைத்தேன். "அப்பறம்" என்றான். நான் கிளம்பிவிட்டேன்.

இதுதான் என் பங்கு. நீ உன் பங்கை எழுதியது போல. அவன் முழு பாட்டில் இனிப்பு குடித்தான் என்று நம்பி நான் கிளம்பினேன். நம்பியிருக்காவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சர்க்கரை டப்பா ஐந்தடி தூரத்தில், அலமாரியில் இருந்தது. சாயந்திரம் ஐந்தரைக்கு வந்தேன். தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மாற்றுத் துணி எடுக்க மறுநாள் காலை வீட்டுக்கு வந்தேன். தரையில் அவன் சிந்தியது காய்ந்து கிடந்தது. அதன் மேல் வெறுங்காலோடு நடந்தேன். ஒட்டவில்லை. என் வேலையே தரை துடைப்பதுதான். பிள்ளைகள் ஜூஸைக் கொட்டினால் காய்ந்தபின் செருப்பைப் பிடித்து இழுக்கும், இரண்டு தடவை வெந்நீர் போட வேண்டும். இது ஒரு துடைப்பில் போய்விட்டது. ஒரு எறும்புகூட வந்திருக்கவில்லை. அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து வளையத்தைப் பார்த்தேன். அது எங்கே போடுகிற வளையம் என்று எனக்குத் தெரியாதா? உன் வீட்டு ஊறுகாய் பாட்டிலுக்கெல்லாம் நீ அதைத்தானே போடுவாய்?

ஆறு பாட்டிலையும் தொட்டியில் கவிழ்த்தேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. வராந்தாவில் நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய், குட்டி உன் மடியில் தலை வைத்திருந்தாள். நான் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவளுக்கு இனி இருக்கிறது ஒரு அம்மாதான். அவள் யாரையாவது வெறுக்க வேண்டுமென்றால் நாலு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கிறவளை வெறுக்கட்டும். எனக்கு என்ன, வீட்டில் தனி ஆள், யார் முகத்தையும் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டியதில்லை.

இது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும். லீவுக்கு அனுப்பு என்று இனிக் கேட்க மாட்டேன். கேட்டதே தப்பு. அவள் இங்கே வந்தால் ஏதாவது கேட்பாள், நான் உளறுவேன்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. அதை நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

அண்ணி


மார்ச் 22

அண்ணி,

உங்கள் கடிதத்தை மூன்று இடத்தில் ஒளித்தேன். அரிசி டப்பாவில், அவர் சட்டைப் பையில், கடைசியில் என் லாக்கரில். ஒளிக்க ஒளிக்க அது பெரிதாகிறது.

அவரைப் பார்த்த சுகர் டாக்டரிடம் நேற்று போனேன். டோக்கன் எடுத்து வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது, "யாருக்கு?" என்றார். "யாருக்கும் இல்லை டாக்டர், ஒண்ணு சொல்லிட்டுப் போகணும்" என்றேன். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊசியைக் குறைச்சிருப்பேனேம்மா" என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார். திட்டியிருக்கலாம்.

"அந்த சுகர் ஃப்ரீ விஷமா டாக்டர்?" என்று கேட்டேன். விஷம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஆசை.

"விஷம் இல்லை. அதுக்காகத் தினமும் குடிக்க வேண்டியதும் இல்லை. தாகத்துக்குத் தண்ணி இருக்கு. அவர் குடிச்ச சர்க்கரைத் தண்ணி கெடுதல்தான், நீங்க நிறுத்தினதும் சரிதான். ஆனா அவருக்கும் எனக்கும் தெரியாம நிறுத்தினீங்க. தெரியாததால அளவு மாறலை. தேவைப்பட்ட நேரத்துல கையில சர்க்கரை இல்லை."

வெளியே பெஞ்சில் என்னை மாதிரி பெண்டாட்டிகள் பத்துப் பேர். ஒருத்தி தன் புருஷனிடம், "எனக்குத் தெரியாம என்னத்தத் தின்னீங்க, சொல்லுங்க" என்று கிள்ளிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டி வர எனக்குக் கால் வரவில்லை.

இப்போது குட்டி. நேற்று அவள் ரஃப் நோட்டில் பார்த்தேன். அப்பாவைப் பற்றி எழுதியதில் உங்கள் பெயர் வர வேண்டிய இடத்தில் போனில் சொன்ன அந்த வார்த்தையை எழுதி அடித்து, மறுபடி எழுதி அடித்திருக்கிறாள். உங்கள் வீட்டில் எடுத்த போட்டோவில் உங்களை மட்டும் கத்தரித்துவிட்டாள். அவர் தோளில் உங்கள் கை மட்டும் மீதி இருக்கிறது. இதை நான் பார்த்துக்கொண்டு அவளுக்குச் சோறு போட்டேன். அவள் "அம்மா, நீ மட்டும் அப்பாவை நல்லா பாத்துக்கிட்டே" என்றாள்.

அண்ணி, நீங்கள் எனக்குக் கொடுத்தது பெரிய சாமான். என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவளிடம் சொல்லப்போகிறேன்.


மார்ச் 27

சொல்லாதே.

இதைத் தபால்காரர் காத்திருக்க எழுதுகிறேன். சொல்லாதே. உன் மனசு ஆறுவதற்காக அவள் தலையில் இறக்கி வைக்காதே. பதிமூன்று வயதில் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை என்று ஆக்கிவிடாதே. என்னை அவள் வெறுப்பதால் எனக்கு ஒன்றும் குறையவில்லை. கை மட்டும் இருக்கிறதாமே, இருக்கட்டும், அது போதும் எனக்கு.

ஐந்து வருஷம் போகட்டும். அவளுக்கு வயது வரட்டும். அப்போது நானே சொல்கிறேன்.

பிஸ்கட்டு, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் யாரையும் கெஞ்சினதில்லை, உனக்கே தெரியும்.


ஏப்ரல் 8

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டேன். முன்னாலேயே வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். கோபித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் தலைக்குக் குளித்துவிட்டு முடியைக் காயவைத்துக்கொண்டிருந்தாள், அந்த மெஷினில்தான். அதை அணைக்கச் சொன்னேன். எதிரில் உட்காரவைத்து, உங்களுக்கு எழுதினதை அப்படியே சொன்னேன். பாட்டில், வளையம், பஸ்ஸில் சிரித்தது, டாக்டரிடம் சொல்லாதது. எனக்கு அழகாகச் சொல்லத் தெரியாது. ஒன்றையும் விடவில்லை.

அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அத்தைக்கு?"

"அடுத்த நாள் காலையிலேருந்தே தெரியும்."

"தெரிஞ்சுமா நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க?"

"ஆமா."

எழுந்து போனாள். பத்து நாள் என்னோடு பேசவில்லை. தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொண்டாள். உப்பு அதிகம், இருந்தும் சாப்பிட்டாள். நான் துவைத்துப் போட்ட யூனிஃபார்மை மறுபடி துவைத்தாள். நீங்கள் சொன்னது சரிதான். போன மாசம்வரை அவள் வெறுத்த ஆள் நாலு மணி நேரத்துக்கு அப்பால் இருந்தது. இப்போது பக்கத்து அறையில் இருக்கிறது. தட்டு வைக்கிற சத்தத்தில் எனக்கு அது கேட்கிறது. கேட்கட்டும். அது என் வீட்டுச் சத்தம், உங்களுடையது இல்லை.

நேற்று பரீட்சை முடிந்தது. வந்ததும் ஒரே ஒரு வார்த்தை. "அத்தை ஊருக்கு பஸ் எத்தனை மணிக்கு?"

இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டவில்லை. வழியில் படித்தால் படிக்கட்டும், அவளுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை. திரும்பி வருவதற்கு டிக்கெட் எடுக்கவில்லை. எப்போது வருவது, வருவதா என்பது அவள் சொல்ல வேண்டியது. நீங்கள் எனக்காகப் பேச வேண்டாம் அண்ணி. "அம்மா பாவம்" என்று ஒரு தடவைகூடச் சொல்ல வேண்டாம். அவள் அப்பாவைப் பற்றிப் பேசினால் பேசுங்கள். உங்களுக்குத் தெரிந்த அவரை எனக்குத் தெரியாது, சின்ன வயசு அவரை.

இன்னும் ஒன்று. அவள் உங்கள் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்பாள். காலையில் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்குக் கேட்காது என்று நினைத்து. மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் பாதியில் நிறுத்திவிட்டாள். அதை முழுசாகச் சொல்ல விடாதீர்கள், அண்ணி. பாதியிலேயே உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.